குளத்தில் ஒரு மணி நேரம், நீச்சலில் பத்து நிமிடம்: இதயத்துக்காக நீந்துகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்னையில் எந்த நீச்சல்குளத்தின் காலை பேட்சுக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். பிபியோ சர்க்கரையோ எட்டிப் பார்த்ததும் டாக்டர் "நடங்க, இல்லேன்னா நீந்துங்க" என்றிருப்பார். முட்டி வலி நடக்க விடாததால் இங்கே வந்திருப்பார். சுவரை உதைத்துக் கிளம்பி, நாலாபுறமும் தண்ணீர் தெறிக்கக் கைகால்களை அடித்து, 25 மீட்டரைக் கடந்து எதிர்ச் சுவரைப் பற்றும்போது வாய் பிளந்து நெஞ்சு ஏறி இறங்கும். அப்புறம் ஐந்து நிமிடம் பக்கத்து லேன்காரரோடு அரசியல். மறுபடி ஒரு லேப். மறுபடி அரசியல். வீட்டுக்குப் போய் "ஒரு மணி நேரம் ஸ்விம்மிங்" என்பார். சிக்னலில் நிற்கும்போதும் ஓடுகிற ஆட்டோ மீட்டர் மாதிரியான கணக்கு அது.

அவருக்கு மூச்சு வாங்கியது நிஜம். ஆனால் இதயம் முழு மூச்சாக உழைத்ததால் வாங்கவில்லை; தண்ணீருக்குள் தம் பிடித்து வைத்திருந்ததால் வாங்கியது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் மற்றத் தவறுகள் பாதி தொடங்குகின்றன.

மூச்சை உள்ளே பூட்டிவைப்பது

முகம் தண்ணீருக்குள் போனதும் மூச்சை நிறுத்திக்கொள்வது உடம்பின் இயல்பு. நிறையப் பேர் நாலு கை வீச்சுக்கு அப்படியே பிடித்து வைத்திருந்து, தலையைத் தூக்கும் அரை நொடியில் பழைய காற்றை விட்டுப் புதுக் காற்றையும் இழுக்கப் பார்க்கிறார்கள். அரை நொடியில் அது நடக்காது. பழைய காற்று பாதி உள்ளேயே தங்கி, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. "மூச்சு முட்டுது" என்ற தவிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு இல்லை, இந்தக் கார்பன் டை ஆக்சைடுதான். தசை களைக்கும் முன்பே, இதயம் வேலையைத் தொடங்கும் முன்பே ஆள் சுவரைத் தேடிவிடுகிறார்.

இதற்கான பயிற்சி எளிது, கொஞ்சம் அலுப்பானது. மார்பளவு தண்ணீரில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை அமிழ்த்தி, மூக்காலும் வாயாலும் குமிழி விட்டபடி காற்றை மெதுவாக வெளியேற்ற வேண்டும். முகம் வெளியே வரும்போது ஒரே வேலை, உள்ளே இழுப்பது. பிள்ளைகளுக்குக் கோச் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. பெரியவர்களுக்குத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு குமிழி விடுவது கௌரவக் குறைச்சலாக இருக்கிறது. கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்து நீந்திப் பழகியவர்கள் அவர்கள். முகத்தை உள்ளே வைப்பதே அவர்களுக்குப் புதுப் பழக்கம்.

கைகளை மாற்றி மாற்றி முன்னால் வீசி நீந்தும் ஃப்ரீஸ்டைலில் மூச்செடுக்கத் தலையை முன்னால் தூக்காதீர்கள், பக்கவாட்டில் திருப்புங்கள். நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் அளவு திருப்பினால் போதும். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும். காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியான தண்ணீரில் அப்படிச் சாய்ந்துகிடக்கும் உடம்பை இழுத்துப் போவதற்கே பலமெல்லாம் செலவாகிவிடும். காலை ஓங்கி அடிப்பதும் அப்படித்தான். தொடைத் தசைகள் பெரியவை, ஆக்சிஜனை வாரிக் குடிப்பவை. ஃப்ரீஸ்டைலில் நம்மை முன்னே கொண்டுபோவது பெரும்பாலும் கைகளே. நீண்ட நேரம் நீந்த வேண்டியவர், உடம்பு படுக்கைவசமாக இருக்கும் அளவுக்குக் காலை அசைத்தால் போதும்.

வேகம் இரட்டிப்பானால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் முதல் லேப்பை, "இதைவிட மெதுவா நீந்தினா மூழ்கிடுவோம்" என்று தோன்றும் வேகத்தில் தொடங்குவதே சரி. முதல் லேப்பில் பந்தயம் விடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பரிதாபமாக இருக்கும்.

ஓய்வுக்குக் கணக்கு வைக்காதது

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. குளத்துக்குள் இருந்த நேரம் இதில் சேராது. கைகால் அசைந்த நேரம்தான் கணக்கு.

ஓய்வு எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. புதிதாக வருகிறவர் ஒரு லேப் நீந்தி 20, 30 நொடி நின்று, அடுத்ததைத் தொடங்கலாம். அப்படி எட்டு முறை செய்தால் 200 மீட்டர் ஆயிற்று. பெரும்பாலான குளங்களில் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கும். அதன் நொடி முள்ளைப் பார்த்துக் கிளம்புங்கள். மூச்சு முழுக்கச் சமநிலைக்கு வரும் வரை காத்திருந்தால் ஏறிய இதயத்துடிப்பு இறங்கிவிடும், ஒவ்வொரு லேப்பும் முதல் லேப்பாகவே ஆகிவிடும். நிற்காமல் இருக்க முடியாதவர்கள் ஆழம் குறைந்த பக்கத்தில் தண்ணீருக்குள் வேகமாக நடக்கலாம், இல்லையென்றால் மல்லாந்து மெதுவாக நீந்தி வரலாம். வாரங்கள் போகப் போக ஓய்வைக் குறைத்து, ஒரே மூச்சில் நீந்தும் தூரத்தைக் கூட்ட வேண்டும்.

அபார்ட்மெண்ட் குளங்களுக்குத் தனிக் கணக்கு. பலவற்றின் நீளம் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் தேறாது. சில குளங்கள் சிறுநீரக வடிவில் வேறு வளைந்திருக்கும். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை சுவரை உதைக்கிறோம், அந்த உந்துதலில் கொஞ்ச தூரம் சும்மா சறுக்குகிறோம். "அம்பது லேப் அடிச்சேன்" என்பதற்கு அங்கே பொருளே இல்லை. லேப்பை விட்டுவிட்டு நிமிடத்தை எண்ணுங்கள். சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகம் போன்ற 50 மீட்டர் குளத்தில் ஒருநாள் நீந்திப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். நடுவில் பிடித்து நிற்கச் சுவர் கிடையாது.

நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இதற்கு நேர்மாறான தவறைச் செய்கிறார்கள். சின்ன வயதிலிருந்து நீந்தியவர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் என்ற தவளை நீச்சலில் முக்கால் மணி நேரம் அலுங்காமல் போய்வருவார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உடம்பு அந்த வேகத்துக்குப் பழகிப் போய் வருஷக்கணக்காகியிருக்கும். இவருக்கு வேண்டியது கூடுதல் நேரம் இல்லை, கூடுதல் வேகம். பத்து நிமிடம் இலகுவாக நீந்திவிட்டு, 50 மீட்டரை விரட்டி நீந்தி அரை நிமிடம் ஓய்வு, இப்படி நான்கைந்து முறை. சுவருக்கு வந்ததும் ஒரு வாக்கியம் சொல்ல முடிய வேண்டும், பேச்சை வளர்க்க மனம் வரக் கூடாது. அதுதான் சரியான அளவு.

தரையின் நாடிக் கணக்கைத் தண்ணீரில் பார்ப்பது

220இலிருந்து வயதைக் கழித்து, அதில் இத்தனை சதவீதம் என்று இதயத்துடிப்புக்கு இலக்கு வைப்பார்கள். இது தரைக்கான கணக்கு. கழுத்தளவு தண்ணீரில் நின்றாலே நீரின் அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் இருக்கும் ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தை அனுப்புகிறது, ஆகவே குறைவாகத் துடித்தாலே போதுமாகிறது. தண்ணீரின் குளிர்ச்சியும் உடம்பு கிடைமட்டமாக இருப்பதும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. அதே உழைப்புக்கு நீச்சலில் நிமிடத்துக்குப் பத்துத் துடிப்பு வரை, சிலருக்கு இன்னும் கூட, குறைவாகக் காட்டுவது சகஜம். டிரெட்மில்லில் 140 வந்தவர், குளத்தில் 128தான் வருகிறதே என்று தன்னைத் துரத்திக்கொள்ள வேண்டியதில்லை.

கைக்கடிகாரம் காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். மணிக்கட்டுக்கும் சென்சாருக்கும் நடுவில் தண்ணீர் புகுந்தால் எண் தாறுமாறாக வரும். அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடிக் கணக்கே பொருந்தாது. அந்த மாத்திரையின் வேலையே துடிப்பைக் கட்டுப்படுத்துவது. அவர்கள் எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பதை வைத்தே வேகத்தை முடிவுசெய்ய வேண்டும்.

உயிரோடு விளையாடும் தவறுகள்

"யார் ரொம்ப நேரம் முங்குறது பார்ப்போம்" என்ற பந்தயம் கிணற்றடியில் தொடங்கி ஸ்டார் ஹோட்டல் குளம் வரை வந்திருக்கிறது. இதனால் நுரையீரல் பலப்படும், இதயம் வலுப்படும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இதயத்துக்கு வேண்டியது தொடர்ந்த உழைப்பு. தம் பிடித்து அமிழ்ந்து கிடப்பதில் அது இல்லை. ஆபத்து மட்டும் நிச்சயம் இருக்கிறது. முங்கும் முன் வேகவேகமாக நாலைந்து முறை மூச்சை இழுத்துவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. வெளியே வரச் சொல்லித் தூண்டும் தவிப்பு தாமதமாகிறது. அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பிவிடுகிறது. கையை ஆட்டிக் கூப்பிடும் கட்டமே வராது. மேலிருந்து பார்க்கிற லைஃப்கார்டுக்கு அவர் இன்னும் முங்கிக்கொண்டிருப்பது போலவே தெரியும். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்களே இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று குதிப்பது அடுத்தது. சென்னை வெயிலில் திறந்தவெளிக் குளம் வெதுவெதுவென்றிருக்கும், அங்கே பயமில்லை. மார்கழியில் பெங்களூரிலோ, கோடையிலும்கூட லண்டன் ஏரியிலோ அப்படி இல்லை. சருமத்தில் குளிர் பட்ட கணம் தன்னிச்சையாக மூச்சு இழுபடும், ரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறும். பிபி இருப்பவர்கள் காலை நனைத்து, முகத்தைக் கழுவி, படிப்படியாக இறங்க வேண்டும்.

ஏறுவதிலும் நிதானம் தேவை. கடைசி லேப்பை விரட்டி நீந்திவிட்டு ஏணியில் விறுவிறுவென்று ஏறினால், அதுவரை நெஞ்சுக்கு ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருந்த நீரழுத்தம் சட்டென்று இல்லாமல் போகும். ரத்தம் காலுக்கு இறங்கி, தலை கிறுகிறுக்கும். ஈரமான டைல்ஸ் தரையில் அந்தக் கிறுகிறுப்பு எலும்பு முறிவில் போய் முடியலாம். ஐந்து நிமிடம் மெதுவாக நீந்தித் தணித்து, விளிம்பில் சற்று உட்கார்ந்து எழுங்கள்.

நீந்தும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், இருமலோடு நுரை: இதில் எது வந்தாலும் அன்றைய நீச்சல் அத்தோடு முடிந்தது, அடுத்த வேலை மருத்துவமனை. ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. குடும்பத்தில் நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் இளம் வயதில் காரணம் புரியாமல் மூழ்கி இறந்திருந்தால், நீச்சலுக்குச் சேரும் முன் ஒரு ஈசிஜி எடுத்துக் காட்டுங்கள். லாங் க்யூடி என்ற பரம்பரைக் கோளாறில் ஒரு வகைக்கு நீச்சலே துடிப்பைத் தடுமாற வைக்கும் தூண்டுதலாக அமைகிறது.

சின்னச் சின்னதாக இன்னும் சில

தண்ணீருக்குள் வியர்க்காது என்று நினைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் நீந்தினால் நன்றாகவே வியர்க்கும், தெரியாது, அவ்வளவுதான். தண்ணீரில் இருக்கும்போது சிறுநீரும் அதிகம் பிரியும். பாட்டிலைக் குளத்தின் விளிம்பிலேயே வையுங்கள். குளித்துவிட்டு இறங்குங்கள், குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி சுத்தத்தின் அடையாளம் இல்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின் அது, ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. நீந்தி முடித்ததும் எடுக்கும் பசி பொல்லாதது. வெளியே வந்ததும் எதிர்க் கடையில் ரெண்டு வடை, ஒரு பொங்கல் என்று போனால் எடை இறங்கவில்லையே என்று நீச்சலைக் குறை சொல்லக் கூடாது. உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு நீச்சல் பெரிதாக உதவாது; வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி, முட்டி அனுமதித்தால் கொஞ்சம் நடை.

கடைசியாக, ஏப்ரலில் சேர்ந்து ஜூனில் நிறுத்துவது. பள்ளி திறந்ததும் குளங்கள் காலியாகிவிடுகின்றன, பிள்ளைகளோடு அப்பா அம்மாவும் காணாமல் போகிறார்கள். இதயமும் நுரையீரலும் பெற்ற திறன், பயிற்சி நின்ற இரண்டு மூன்று வாரத்திலேயே குறையத் தொடங்கும். அடுத்த ஏப்ரலில் மறுபடி அதே ஒற்றை லேப், அதே மூச்சுத் தவிப்பு. வருஷம் முழுக்க வாரம் மூன்று நாள் முடியும் என்றால் மட்டும் வருஷச் சந்தா கட்டுங்கள். ஐப்பசி மழைக்குக் குளத்தை மூடும் நாட்களில் சைக்கிளோ மாடிப்படியோ அந்த மூன்று நாளை நிரப்பட்டும்.