பைஆட்டோகியுஐ புரோகிராமை இஎக்ஸ்இ ஆக்கினால் பட்டன் படங்கள் எங்கே போகின்றன?

ராமேசுவரம் பக்கத்து மண்டபத்தில் நண்டும் கணவாயும் கொள்முதல் செய்யும் ஒரு கம்பெனிக்குச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கரையிலிருந்து வரும் எடைச் சீட்டுகளை அங்கே முதலில் எக்செலில் ஏற்றுவார்கள்: படகுக்காரர் பெயர், வகை, கிலோ, விலை. அப்புறம் அதே விவரத்தைப் பழைய பில்லிங் மென்பொருளில் மறுபடியும் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். எக்செலை நேராக உள்ளே இழுக்க அந்த மென்பொருளில் வழி இல்லை. விசைப்படகுகள் கரை திரும்பும் நாளில் சீட்டு குவிந்துவிடும். கணக்கு பார்க்கும் அக்கா இருட்டிய பிறகும் தட்டிக்கொண்டிருப்பார்.

இந்த வேலையைப் பைத்தானில், மவுஸையும் கீபோர்டையும் தானாக இயக்கும் பைஆட்டோகியுஐ என்ற நூலகம் அழகாகச் செய்யும். 'புதிய பில்', 'சேமி' மாதிரியான பட்டன்களைப் படமாக வெட்டிக் கொடுத்துவிட்டால், திரையில் அந்தப் படம் எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்து, அங்கே போய் கிளிக் செய்யும். நம் கணினியில் இதை ஓட வைப்பது எளிது. பைத்தானே இல்லாத இன்னொருவர் கணினிக்கு இஎக்ஸ்இ ஆக்கிக் கொண்டுபோகும்போதுதான் சிக்கல். புரோகிராம் திறக்கிறது, படம் கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. இந்தப் பதிவு அதற்காக.

பைத்தான் நிறுவுவது, பிப் வழியாக நூலகங்களை இறக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளைப் போனில் வாசித்துக் காட்டுவதுபோலத் தமிழிலேயே சொல்கிறேன். நீங்கள் தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

தேவையானவை

பைஆட்டோகியுஐ, படங்களைத் திறக்கும் பில்லோ, ஓப்பன்சிவி-பைத்தான், இஎக்ஸ்இ ஆக்கித் தரும் பைஇன்ஸ்டாலர். நான்கையும் ஒரே வெர்ச்சுவல் என்விரான்மென்டில் போடுங்கள். ஓப்பன்சிவி எதற்கு என்றால், படத்தைத் தேடும்போது எவ்வளவு பொருந்தினால் போதும் என்று சொல்லும் கான்ஃபிடன்ஸ் என்ற அளவைக் கொடுக்க அது வேண்டும். அந்த அளவு இல்லாமல் தேடினால் சின்ன நிற வித்தியாசத்துக்கே கிடைக்கவில்லை என்று சொல்லிவிடக்கூடும். நான் 0.9 வைக்கிறேன். 0.7-க்குக் கீழே இறக்க வேண்டாம். 'சேமி' என்று நினைத்து 'நீக்கு' பட்டனை அமுக்கிவிட்டால் ஒரு நாள் கணக்கே போய்விடும்.

படம் வெட்டுவது

விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அமுக்கி, பட்டனை மட்டும் நெருக்கமாக வெட்டுங்கள். பிஎன்ஜி ஆகத்தான் சேமிக்க வேண்டும். ஜேபெக் வேண்டவே வேண்டாம், அது சேமிக்கும்போதே புள்ளிகளின் நிறத்தை மாற்றிவிடும். வெட்டும் நேரத்தில் மவுஸ் பட்டன் மேல் நிற்கக் கூடாது, பல மென்பொருள்களில் மவுஸ் வந்தாலே பட்டனின் நிறம் மாறும். எல்லாப் படங்களையும் புரோகிராமுக்குப் பக்கத்திலேயே 'இமேஜஸ்' என்ற ஃபோல்டரில் போடுங்கள். கோப்புப் பெயர்கள் ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். காரணம் பின்னால் வரும்.

பாதை: இங்கேதான் எல்லாரும் நிற்கிறோம்

பெரும்பாலோர் புரோகிராமில் 'இமேஜஸ்/சேவ்.பிஎன்ஜி' என்று அரைகுறைப் பாதையாக எழுதுகிறோம். இந்தப் பாதையைப் பைத்தான் எங்கிருந்து கணக்கிடும்? புரோகிராம் இருக்கும் இடத்திலிருந்து அல்ல. அது தொடங்கப்பட்டபோது 'இப்போதைய ஃபோல்டர்' எதுவோ, அங்கிருந்து. பல நேரம் இரண்டும் ஒன்றாக இருந்துவிடுவதால் வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

நம்மை ஏமாற்றுவதும் இதுதான். பைஇன்ஸ்டாலர் இஎக்ஸ்இ-யை 'டிஸ்ட்' ஃபோல்டருக்குள் வைக்கும். டெர்மினல் ஏற்கெனவே நம் புராஜெக்ட் ஃபோல்டரில் நிற்கிறது. அங்கிருந்தபடியே இஎக்ஸ்இ-யை ஓட்டிப் பார்க்கிறோம், ஓடுகிறது. உண்மையில் அது எடுத்தது இஎக்ஸ்இ-க்குள் இருக்கும் படத்தை அல்ல. நம் புராஜெக்ட் ஃபோல்டரில் கிடந்த பழைய படத்தை. பைஇன்ஸ்டாலர் கட்டிய பொட்டலத்துக்குள் படமே இல்லாவிட்டாலும் இந்தச் சோதனையில் தேறிவிடும். பென் டிரைவில் போட்டுக் கம்பெனிக்கு எடுத்துப்போனால்தான் விஷயம் வெளியே வரும்.

சிலர் இமேஜஸ் ஃபோல்டரை இஎக்ஸ்இ-க்குப் பக்கத்தில் நகலெடுத்து வைத்துச் சமாளிப்பார்கள். டபுள் கிளிக் செய்தால் வேலை செய்யும். டாஸ்க் ஷெட்யூலரில் போட்டாலோ, ஷார்ட்கட்டில் தொடங்கும் இடம் வேறாக இருந்தாலோ மறுபடி படம் காணாது. யாராவது ஒருநாள் 'இது என்ன ஃபோல்டர்' என்று அழித்தும் விடுவார்கள்.

சரி, இஎக்ஸ்இ-க்குள் வைத்த படம் ஓடும்போது எங்கே இருக்கும்? ஒரே கோப்பாகக் கட்டும் ஒன்ஃபைல் முறையில், இஎக்ஸ்இ திறந்தவுடன் தன் வயிற்றில் இருக்கும் எல்லாவற்றையும் விண்டோஸின் தற்காலிக ஃபோல்டரில் அவிழ்த்துக் கொட்டும். இதைக் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் அமுக்கி, சதவீதக் குறி, டெம்ப், சதவீதக் குறி என்று தட்டி என்டர் கொடுங்கள். அண்டர்ஸ்கோர், எம்.இ.ஐ., அப்புறம் சில எண்கள் என்று ஒரு ஃபோல்டர் தெரியும். அதைத் திறந்தால் பைத்தானின் டிஎல்எல் கோப்புகள், ஓப்பன்சிவி, எல்லாம் இருக்கும். உங்கள் இமேஜஸ் ஃபோல்டரும் அங்கே இருக்க வேண்டும். புரோகிராமை மூடினால் அந்த ஃபோல்டர் மறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் எண்கள் மாறும், ஆகவே அந்தப் பாதையை மனப்பாடமாக எழுதி வைக்க முடியாது.

அந்த இடத்தைப் புரோகிராமிடமே கேட்க வேண்டும். பைஇன்ஸ்டாலர் அதை 'சிஸ்' மாட்யூலில் ஒரு மாறியாக வைத்திருக்கிறது. பெயர்: முதலில் ஒரு அண்டர்ஸ்கோர், அப்புறம் எம், இ, ஐ, பி, ஏ, எஸ், எஸ், ஏழும் பெரிய எழுத்து. இங்கே 'மெய்பாஸ்' என்று சொல்லிக்கொள்வோம். சாதாரணமாகப் பைத்தானில் ஓட்டும்போது இந்த மாறி இருக்காது, கட்டிய பொட்டலத்தில் மட்டும் இருக்கும்.

ஆகவே ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதினால் போதும். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும், நான் அதற்குப் படப்பாதை என்றே பெயர் வைத்திருக்கிறேன். அது செய்வது இவ்வளவுதான்: 'கெட்ஆட்டர்' கொண்டு சிஸ் மாட்யூலில் மெய்பாஸ் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அதுதான் அடித்தளம். இல்லாவிட்டால், இரண்டு அண்டர்ஸ்கோர், ஃபைல், இரண்டு அண்டர்ஸ்கோர் என்று வரும் மாறியிலிருந்து இப்போதைய புரோகிராம் கோப்பு இருக்கும் ஃபோல்டரை எடுத்துக்கொள்கிறது. அந்த அடித்தளத்தோடு இமேஜஸ், கோப்புப் பெயர் இரண்டையும் பாத்லிப் வழியாக ஒட்டி, ஸ்ட்ரிங் ஆக்கித் திருப்பித் தருகிறது. புரோகிராமில் எங்கெல்லாம் படப் பெயர் வருகிறதோ அங்கெல்லாம் இந்த ஃபங்ஷன் வழியாகத்தான் போக வேண்டும், ஒரு இடம் விட்டாலும் அந்தப் பட்டனில் நிற்கும்.

பொட்டலம் கட்டுவது

பைஇன்ஸ்டாலர் நம் புரோகிராமைப் படித்து, இம்போர்ட் செய்த நூலகங்களைத் தானாகச் சேர்க்கும். படங்களைச் சேர்க்காது, அதை நாம்தான் சொல்ல வேண்டும். கட்டளையில் இரண்டு கோடு, ஆட், கோடு, டேட்டா என்று எழுதி, அடுத்து மேற்கோளுக்குள் இமேஜஸ், முக்காற்புள்ளி, இமேஜஸ் என்று கொடுங்கள். இடது பக்கம் உங்கள் கணினியில் இருக்கும் ஃபோல்டர், வலது பக்கம் பொட்டலத்துக்குள் அதன் பெயர். பைஇன்ஸ்டாலரின் பழைய பதிப்புகளில் விண்டோஸில் முக்காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய விளக்கங்களில் அரைப்புள்ளி இருப்பது அதனால்தான்.

ஒன்ஃபைலா, ஒன்டிரா? எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டராகவே கட்டும் ஒன்டிர்தான் என் விருப்பம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்ஃபைல் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அவிழ்க்க நேரம் எடுக்கும், ஓப்பன்சிவி சேர்ந்தால் இன்னும் மெதுவாகும். டாஸ்க் மேனேஜரில் வலுக்கட்டாயமாக மூடினால் அவிழ்த்த ஃபோல்டர் அழியாமல் தங்கிவிடும். ஆன்ட்டிவைரஸ்கள் ஒன்ஃபைல் இஎக்ஸ்இ-யைச் சந்தேகிப்பதும் அதிகம். ஒன்டிரில் ஒரு ஃபோல்டராகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் சிரமம். டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் வைத்துவிட்டால் அக்காவுக்கு வித்தியாசமே தெரியாது. பைஇன்ஸ்டாலர் 6-ஆம் பதிப்பிலிருந்து ஒன்டிரில் படங்கள் இஎக்ஸ்இ-க்குப் பக்கத்தில் இருக்காது. அண்டர்ஸ்கோர் இன்டர்னல் என்ற உள் ஃபோல்டரில் இருக்கும். மெய்பாஸ் அந்த இடத்தையே காட்டும், நம் ஃபங்ஷனில் எதையும் மாற்ற வேண்டாம்.

கருப்பு கன்சோல் திரையை மறைக்கும் விருப்பத்தைக் கடைசியில் போடுங்கள். சோதிக்கும் வரை அந்தத் திரை திறந்தே இருக்கட்டும், பிழைச் செய்தி அதில்தான் வரும்.

சோதிப்பது

கட்டிய ஃபோல்டரை வேறு டிரைவுக்கு நகலெடுங்கள். புராஜெக்டில் இருக்கும் இமேஜஸ் ஃபோல்டரின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிடுங்கள். புதிய இடத்திலிருந்து டபுள் கிளிக் செய்யுங்கள். அப்புறம் ஷார்ட்கட் போட்டு அதன் வழியாகவும் திறந்து பாருங்கள். இதில் ஓடினால் அடுத்தவர் கணினியிலும் பாதைப் பிரச்சினை வராது.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போதும் நாட்டுப்படகுகள் போகும், சீட்டு கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும். இப்படிப்பட்ட புரோகிராமை உண்மையான கணக்கில் ஓட்டிப் பழக அதுதான் சரியான சமயம். ஏதாவது தவறாகப் பதிந்தாலும் உட்கார்ந்து திருத்த நேரம் இருக்கும். மவுஸைத் திரையின் மூலைக்குத் தள்ளினால் பைஆட்டோகியுஐ உடனே நின்றுவிடும் என்பதையும் அவர்களுக்கு முதல் நாளே காட்டிக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: விண்டோஸ் பயனர் பெயர் தமிழில் இருந்தால்

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். மேலே சொன்ன எல்லாம் செய்தும் அவர் கடைக் கணினியில் மட்டும் படத்தைப் படிக்க முடியவில்லை என்று பிழை. டெம்ப் ஃபோல்டரில் படம் இருப்பது அவர் கண்ணுக்கே தெரிகிறது. அந்தக் கணினியில் விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறார்கள். தற்காலிக ஃபோல்டர் அந்தப் பெயருக்குள்தான் இருக்கிறது, ஆகவே பாதையில் தமிழ் எழுத்து வந்துவிடுகிறது. விண்டோஸில் ஓப்பன்சிவியின் படம் படிக்கும் ஃபங்ஷனான 'ஐஎம்ரீட்' அப்படிப்பட்ட பாதைகளில் தடுமாறும், படம் இருந்தாலும் வெறுங்கையோடு திரும்பும். கோப்புப் பெயர்களை ஆங்கிலத்தில் வைக்கச் சொன்னதும் இதற்குத்தான்.

அதற்காக யாரும் தங்கள் பெயரைத் தமிழில் வைப்பதை விட வேண்டியதில்லை. பாதையைப் பைஆட்டோகியுஐயிடம் கொடுக்காமல், படத்தை நாமே பில்லோவின் 'இமேஜ் ஓப்பன்' கொண்டு திறந்து, 'கன்வர்ட்' போட்டு ஆர்ஜிபி ஆக்கி, அந்தப் படத்தையே பைஆட்டோகியுஐயில் திரையைத் தேடும் லொக்கேட் ஃபங்ஷனுக்குக் கொடுக்கலாம். பைஆட்டோகியுஐ இரண்டையும் ஏற்கும். பில்லோவுக்குத் தமிழ்ப் பாதை ஒரு பொருட்டே இல்லை. இப்போது நான் எல்லா இடத்திலும் இப்படித்தான் எழுதுகிறேன்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. கோப்பு இல்லாவிட்டால் பில்லோ திறக்கும் இடத்திலேயே 'ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்று சொல்லிவிடும். அது பாதைக் கோளாறு. அதைத் தாண்டி 'இமேஜ் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் படம் ஏறிவிட்டது, திரையில்தான் பொருந்தவில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பாதையையே நோண்டுபவர்கள் நிறைய. பழைய பதிப்புகளில் படம் பொருந்தாவிட்டால் பிழை வராது, 'நன்' என்ற வெறுமை மட்டும் திரும்பும். பழைய புரோகிராமைத் தூசு தட்டி எடுப்பவர்கள் ட்ரை, எக்செப்ட் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: திரை அளவு

தொண்டியிலிருந்து வந்த கேள்வி. 'இமேஜ் நாட் ஃபவுண்ட்' வருகிறது, படமோ அச்சு அசலாக அதே பட்டன். விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் ஸ்கேல் என்று இருப்பதைப் பாருங்கள். படம் வெட்டிய கணினியில் 100 சதவீதமும், ஓட்டும் மடிக்கணினியில் 125 சதவீதமும் இருந்தால் பட்டன் கால் பங்கு பெரிதாகிவிடும், கான்ஃபிடன்ஸைக் குறைத்தெல்லாம் பொருந்த வைக்க முடியாது. இரண்டிலும் ஒரே அளவு வையுங்கள். முடியாவிட்டால் அந்த மடிக்கணினியிலேயே படங்களை மறுபடி வெட்டி, இமேஜஸுக்குள் '125' என்று தனி ஃபோல்டரில் போட்டு, படப்பாதை ஃபங்ஷனுக்கு அந்தப் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். படங்களைச் சேர்த்த பிறகு மறுபடி பொட்டலம் கட்ட வேண்டும்.

ஓடிய பில்களின் பதிவை எழுதும் லாக் கோப்பை மட்டும் மெய்பாஸ் இடத்தில் வைக்காதீர்கள். ஒன்ஃபைலில் புரோகிராம் மூடியதும் அது ஃபோல்டரோடு சேர்ந்து அழிந்துபோகும். அதற்கு 'சிஸ் எக்ஸிக்யூட்டபிள்' காட்டும் இஎக்ஸ்இ-யின் சொந்த ஃபோல்டரையோ, பயனரின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையோ பயன்படுத்துங்கள்.