அறிவியல் புனைவுப் படத்தில் மனித–இயந்திர உறவைக் கவனிப்பது எப்படி?

‘தொழில்நுட்பம் ஆபத்தானது’ என்று ஒரே வரியில் முடியும் விமர்சனங்கள்தான் அதிகம். கதையையும் வசனத்தையும் மட்டும் பின்தொடர்ந்தால் அங்கேதான் போய் நிற்போம். கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறது, எந்த நொடியில் கைமாறுகிறது என்று பாருங்கள். உறவு அங்கேதான் பிடிபடும். பழகிக்கொள்ள ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’ (1968) மிகப் பொருத்தம்.

முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள்; குறிப்பெடுக்க வேண்டாம். இரண்டாம் முறை நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: நேரம், யார் கேட்கிறார், யார் முடிவெடுக்கிறார், கேமரா யாருடைய கண். விண்கப்பலை இயக்கும் ஹால் 9000 கணினி பார்க்கும் ஷாட்கள் பெரும்பாலும் மீன்கண் லென்ஸில் வளைந்து தெரியும் என்பதால் கடைசிக் கட்டத்தை நிரப்புவது எளிது. முழுப் படத்தையும் குறிக்க வேண்டாம், மூன்று காட்சிகள் போதும்.

முதலாவது, சாதாரண நாள். கப்பலில் இருக்கும் விண்வெளி வீரர் பூலின் பெற்றோர் பூமியிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறார்கள். அவர் முகத்தில் சலனமே இல்லை. வாழ்த்து முடிந்ததும் ஹாலும் இதமான குரலில் வாழ்த்துகிறது. யார் குரலில் கனிவு அதிகம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நம்பிக்கை உடையும் இடம். ஹாலுக்குக் கேட்கக்கூடாதென்று சக வீரர் போமேனும் பூலும் கப்பலில் இருக்கும் சிறு விண்கலத்துக்குள் போய்ப் பேசுகிறார்கள். சட்டென்று ஒலி நின்றுவிடுகிறது. திரையில் அசையும் உதடுகள் மட்டுமே. பேசுவது மனிதர்கள், உதட்டசைவைப் பார்த்தே அதைப் படித்துவிடுவது இயந்திரம். கைமாற்றம் இங்கே நடக்கிறது. வசனத்தை மட்டும் குறிப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

மூன்றாவது, போமேன் ஹாலை நிறுத்தும் காட்சி. இதற்கு ஹெட்ஃபோன் கட்டாயம். ஒருமுறை ஒலியை அணைத்தும், ஒருமுறை கண்ணை மூடியும் கவனியுங்கள். மூச்சிரைக்கும் சத்தம் போமேனுடையது. கெஞ்சும் குரல் ஹாலுடையது. நினைவுத் தகடுகள் ஒவ்வொன்றாக வெளியே வர, குரல் தாழ்ந்து இழுபடுகிறது. 1.5 மடங்கு வேகத்தில் பார்த்தால் அந்த இழுவை போய்விடும். டப்பிங்கும் வேண்டாம், ஹாலுக்குக் குரல் தந்த டக்ளஸ் ரெயினின் குரலையே சப்டைட்டிலோடு கேளுங்கள். போமேன் நெடுநேரம் பதிலே சொல்லவில்லை என்பதும் குறிப்பில் இருக்கட்டும்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். ஹால் அடங்கியதும் ஒரு பதிவுச் செய்தி ஓடுகிறது: பயணத்தின் உண்மையான காரணம் கப்பலில் ஹாலுக்கு மட்டுமே தெரியும். மறைக்கச் சொன்னது பூமியில் இருக்கும் மனிதர்கள். இதை விட்டுவிட்டு ‘கணினிக்குப் பைத்தியம் பிடித்தது’ என்று எழுதினால் பாதிப் படம் காணாமல் போகும். அதனால் ஐந்தாவது கட்டம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்: உத்தரவு யாருடையது?

இதே கட்டங்களோடு ஷங்கரின் ‘எந்திரன்’ (2010) பாருங்கள். சிட்டியைக் கெடுக்கும் சிவப்புச் சிப்பைப் பொருத்துவது போரா, அதாவது வில்லன் ஒருவன் இருக்கிறான். குப்ரிக்கிடம் அப்படி யாரும் இல்லை. இறுதியில் சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றுகிறது. கழற்றச் சொன்னது நீதிமன்றம். ஹால் காட்சியில் கழற்றும் கையும் கெஞ்சும் குரலும் வேறுவேறு. இங்கே கழற்றும் கையும் பேசும் குரலும் ஒரே உடம்பில்.

எழுதும்போது காட்சிக்கு ஒரு பத்தி. முதலில் நேரம், பிறகு கண்டதும் கேட்டதும், கடைசியில் உங்கள் தீர்ப்பு. தீர்ப்பை முதல் வரியில் வைத்தால், அதற்கு ஒத்துவரும் ஷாட்களை மட்டுமே கண் தேடத் தொடங்கும்.