இடுக்கமான எஞ்சினில் ஸ்பார்க் பிளக் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் இன்னமும் ஓடுகின்ற ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களின் பொனற்றைத் திறந்தால், நான்கு பிளக்குகளும் எஞ்சினின் பக்கவாட்டில் கண்ணுக்கு நேரே நிற்கும். ரொயோற்றா விற்ஸ், அக்குவா, ஹொண்டா ஃபிற் முதலிய கார்களில் அவை சிலிண்டர் தலையின் ஆழமான குழிகளுக்குள், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலுக்கு அடியில் அல்லது வைப்பர் மூடியின் கீழ் ஒளிந்திருக்கின்றன. கண் எட்டாத இடத்தில் கை மட்டும் வேலை செய்யும்போது, திறந்த எஞ்சினில் பழகிய பழக்கங்களே பெரும்பாலான சேதங்களுக்குக் காரணமாகின்றன.

தடையாக இருப்பதைக் கழற்றாமல் இடைவெளிக்குள் கையை நுழைத்து வேலையை முடிக்கப் பார்ப்பது முதலாவது தவறு. முதலாம் தலைமுறை ஹொண்டா ஃபிற்றின் ஐ-டி.எஸ்.ஐ. எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டுப் பிளக்குகள் உண்டு. முன்பக்கத்து நான்கும் எளிதில் வந்துவிடும். பின்பக்கத்து நான்குக்கும் வைப்பர் கைகளையும் அவற்றின் கீழுள்ள மூடியையும் கழற்றினால்தான் வசதியாக வேலை செய்யலாம். அந்தச் சிரமத்துக்காகப் பின்னாலுள்ளவற்றை விட்டுவிட்டு முன்னால் மட்டும் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்; அது பாதி வேலை. விற்ஸின் மூன்று சிலிண்டர் எஞ்சினில் மேலே உட்கார்ந்திருக்கும் எயார் கிளீனர் பெட்டியைத் தூக்கிவிட்டால் மற்றது சுலபம். அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் எஞ்சின் நின்றிருப்பதை நம்பிக் கை வைக்கக்கூடாது. ‘ரெடி’ நிலையில் இருந்தால் அது தானாகவே இயங்கத் தொடங்கும். காரை முழுமையாக நிறுத்தி, திறப்பைத் தூரத்தில் வைத்து, 12 வோல்ற் பற்றரியின் எதிர் (மைனஸ்) முனையைக் கழற்றிய பின்னரே தொடங்க வேண்டும். செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே கூடாது.

கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியில் ஓடிவந்த கையோடு பிளக்கைக் கழற்றுவது இன்னொரு தவறு. சிலிண்டர் தலை அலுமினியத்தால் ஆனது. சூடாக இருக்கையில் அதன் மரை இளகிப் பிளக்கோடு சேர்ந்து உரிந்து வரக்கூடும். எங்கள் வெயிலுக்குப் பொனற்றைத் திறந்துவிட்டாலும் எஞ்சின் ஆறச் சில மணி நேரம் எடுக்கும். ஆகவே இரவு நிறுத்தி, காலையில் தொடங்குவதே நல்லது.

வலிகாமத்துச் செம்மண் தூசியும் கரையோரத்து மணலும் பிளக் குழிகளுக்குள் இறங்கிப் படிகின்றன. கொயிலை எடுத்தவுடன் பிளக்கையும் கழற்றினால் அந்தத் தூசி நேரே சிலிண்டருக்குள் விழுந்து, பிஸ்ரனுக்கும் சுவருக்கும் இடையே அரைபடும். கொயிலை எடுத்த பின் ஒரு தடவையும், பிளக்கை அரைச் சுற்றுத் தளர்த்திய பின் மறு தடவையும் காற்றடித்து ஊத வேண்டும். குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் முதலில் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். அது மேல்மூடியின் இறப்பர் சீல் பழுதடைந்ததற்கான அடையாளம் என்பதால், சீலை மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றினால் புதிய பிளக்கும் கொயிலும் எண்ணெயில் ஊறும். எஞ்சினுக்குத் தண்ணீர் அடித்துக் கழுவும் வழக்கத்தாலும் குழிக்குள் நீர் தேங்கிப் பிளக்கின் இரும்பு துருப்பிடிக்கிறது.

வருடக் கணக்கில் சூட்டில் இருந்த கொயில் இணைப்புகளின் பிளாஸ்ரிக் பூட்டுகள் நொறுங்கும் பதத்தில் இருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டை அழுத்தி இணைப்பின் உடலைப் பிடித்தே எடுக்க வேண்டும். பிளக் வயர் உள்ள பழைய வண்டிகளில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் வரிசை மாறிவிடும். ஒவ்வொன்றாக மாற்றுவதே பாதுகாப்பு.

இடுக்கமான இடத்தில் அதிகம் கெடுவது பிளக்கின் வெள்ளைப் பீங்கான்தான். நேராக இறங்க இடமில்லாததால் வளையும் மூட்டைச் சொக்கெற்றின் மேலேயே மாட்டித் திருப்பும்போது சொக்கெற் சரிந்து பீங்கானை நெரிக்கிறது. மயிரிழை வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. பின்னர் மின்பொறி அதன் வழியே கசிய, எஞ்சின் உதறத் தொடங்கும், கொயிலைச் சந்தேகித்துக் காசைச் செலவழிப்பார்கள். குறுகிய எக்ஸ்ரென்ஷன் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குழிக்குள்ளேயே பொருத்திக்கொண்டு, வளையும் மூட்டு தேவைப்பட்டால் அதைக் குழிக்கு வெளியே மேல் நுனியில் வைப்பதே முறை. துண்டுகளின் இணைப்புகளில் ரேப் சுற்றினால் சொக்கெற் உள்ளே கழன்று தங்காது. கை தவறி நிலத்தில் விழுந்த பிளக் பார்வைக்கு நல்லதாயிருந்தாலும் பூட்டக்கூடாது.

பூட்டும்போது சொக்கெற்றையும் ரச்செற்றையும் கொண்டே தொடங்குவது மிக விலையுயர்ந்த தவறு. நீண்ட கைப்பிடியின் பலத்தில், கோணலாக ஏறும் மரைகூட நேராக ஏறுவதுபோல் தோன்றும். ஒரு சாண் பெற்றோல் குழாய்த் துண்டைப் பிளக்கின் மேல்முனையில் செருகி, விரல்களால் திருப்பித் தொடங்கினால், மரை பிழைத்தவுடன் குழாய் வழுக்கிவிடும், அலுமினியம் தப்பும். இறுக்குவதற்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் ரோர்க் றெஞ்ச் இருந்தால், அலுமினியத் தலையில் பூட்டும் வோஷர் உள்ள 14 மி.மீ. மரைப் பிளக்குக்கு 25 முதல் 30 நியூற்றன் மீற்றர் வரையும், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20 வரையும் போதும். றெஞ்ச் இல்லையெனில், புதிய 14 மி.மீ. பிளக்கைக் கையால் இறுகிய பின் அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை திருப்பினால் வோஷர் நசிந்து அமரும். மெல்லிய மரைக்கு அதைவிடக் குறைவாகவே திருப்ப வேண்டும். பெட்டியில் அச்சிட்ட அளவைப் பார்க்கவும். மரைக்குக் கிறீஸ் பூசுவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். பிளக்கின் மரைக்கு ஏற்கெனவே பூச்சு இருக்கிறது. கிறீஸ் சேர்ந்தால் அதே ரோர்க்கில் பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சில துளி பெற்றோலில் எஞ்சினை இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களின் பிளக்குகள் அடிக்கடி கரி பிடித்தன. கழற்றி, அரத்தாளால் தேய்த்து, மின்பொறி பாயும் இடைவெளியைத் தட்டிச் சரிசெய்து திரும்பப் பூட்டியே அந்தக் காலத்தைக் கடந்தோம். அன்றைய நிக்கல் பிளக்குக்கு அது பொருந்தியது. இன்றைய இரிடியம் பிளக்கின் நடு முனை 0.4 முதல் 0.6 மி.மீ. வரையே தடிப்புள்ளது, அரத்தாளும் கம்பித் தூரிகையும் அதன் நுனியைத் தின்றுவிடும், இடைவெளி பார்க்கும் நாணய வடிவக் கருவியை நடுவில் நெம்பினால் முறிந்துபோகும். பழைய அனுபவமுள்ள மெக்கானிக்குகளின் கையில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது என்பதை மரியாதையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. நீண்ட ஆயுள் இரிடியம் பிளக் பல கார்களில் 1,00,000 கி.மீ. வரை உழைக்கும்; தேய்ந்ததைத் துப்புரவாக்கிப் பயனில்லை.

கடையில் அதே மரையுள்ள வேறு பிளக்கைக் கொடுத்தால் அதன் வெப்ப வகையைக் காட்டும் இலக்கத்தைக் கவனிக்க வேண்டும். என்.ஜி.கே.யின் 6 ஏறத்தாழ டென்ஸோவின் 20க்குச் சமம். இரண்டிலும் இலக்கம் கூடினால் பிளக் குளிர்ந்த வகை, அதாவது சூட்டை விரைவாக வெளியேற்றுவது. பொஷ் பிளக்கில் இது தலைகீழ். மரையின் நீளமும் ஒத்திருக்க வேண்டும். நீண்டது பிஸ்ரனில் முட்டக்கூடும்.

எல்லாம் பூட்டியபின் எஞ்சினை இயக்கி, சிறிது நேரம் நின்ற இடத்திலேயே ஓட விட்டுக் கேட்க வேண்டும். எஞ்சின் விளக்கு மினுங்கினால் ஓட்டிப் பார்க்கக்கூடாது. எரியாத பெற்றோல் புகைக் குழாயிலுள்ள கற்றலிற்றிக் கொன்வேற்றரைச் சுட்டுக் கெடுக்கும். நிறுத்தி, முதலில் கொயில் இணைப்புகள் ‘டிக்’ என்று பூட்டப்பட்டுள்ளனவா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கவும். கழற்றும்போதே பிளக் இறுகி வர மறுத்தால் பலத்தைக் கூட்டக்கூடாது. ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கால் சுற்று முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்க்க வேண்டும். மரையில் அலுமினியத் துகள் ஒட்டி வரக் கண்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி, மரைக்குப் புதிய உறை போடத் தெரிந்த லேத் பட்டறைக்காரரிடம் காரைக் காட்ட வேண்டும்.