மலைக்காட்டுக்கு ஏற்ற மடக்குக் கத்தி: முதன்முறை வாங்குவோருக்கு

கம்பத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, லோயர் கேம்ப் தாண்டிக் குமுளிக்கு ஏறினால் ஏலத்தோட்டங்களில் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்த மலைப்பக்கம் பையில் வைத்த எதுவும் முழுதாக உலர்வதில்லை. ஆகவே இங்கே மடக்குக் கத்தி வாங்குவோர் கூர்மையைவிட ஈரத்தைப் பற்றியே முதலில் யோசிக்க வேண்டும். மழுங்கிய கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்ளலாம். ஆனால் எளிதில் துருவேறும் எஃகையோ திறந்த அலகை நிறுத்திப் பிடிக்காமல் நழுவும் பூட்டையோ வாங்கிய பிறகு மாற்ற வழியில்லை.

முதலில், வேலையை முடிவு செய்யுங்கள்

நைலான் கயிறு அறுப்பது, கொய்யா நறுக்குவது, சாக்குத் தையலைப் பிரிப்பது, அடுப்புக்குச் சுள்ளி சீவுவது ஆகியவைதான் மடக்குக் கத்தியின் வேலைகள். கிளை கழிக்க அரிவாள் இருக்கிறது. இந்த வேலைகளுக்கு 7 முதல் 9 சென்டிமீட்டர் நீளமும், 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள அலகு தாராளமாகப் போதும். ஆயுத விதிகளின்படி, வீட்டு, விவசாய, தொழிற்பயன்பாட்டுக்காகச் செய்யப்படாத கத்தியின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் அது ஆயுத வகையில் சேரும். நாம் தேடும் கத்தி அந்த அளவுக்கு அருகில்கூட வராது. ஆயினும் பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் வகையை வாங்காதீர்கள்.

அடுத்து, எஃகு

குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால்தான் எஃகு துருவை எதிர்க்கும். குரோமியம் குறைந்த கார்பன் எஃகில் விரைவாகக் கூர் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் கொய்யாச் சாறு பட்டு, ஈரத்தோடு ஓர் இரவு மடங்கிக் கிடந்தால் காலையில் அலகில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். பிரான்சு நாட்டின் ஒப்பினல் நிறுவனம் ஒரே வடிவத்தை இரண்டு எஃகிலும் விற்கிறது. எட்டாம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர், அதில் துருப்பிடிக்காத வகையையே தேர்ந்தெடுங்கள். அதன் பீச் மரப்பிடி மழையில் ஊறி அலகை இறுகப் பிடித்துக்கொள்வதுண்டு என்பதால், இந்தப் பகுதிக்கு நைலான் பிடியுள்ள கத்தியே நல்லது என்பது என் கருத்து.

பூட்டுதான் விரலைக் காக்கும்

இதில் அவசரமே கூடாது. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் சிறிய கத்திகள் பலவற்றில் பூட்டு கிடையாது. பிடிக்குள் இருக்கும் வில்தகட்டின் அழுத்தம் மட்டுமே அலகை நிறுத்துகிறது. பழம் நறுக்க அது போதும், சுள்ளி சீவப் போதாது. ஒப்பினலில் 1955 முதல் இருக்கும் சுழல் வளையமும், பிடியின் முதுகில் அழுத்தி விடுவிக்கும் பேக் லாக்கும் புதியவர்களுக்குப் பாதுகாப்பானவை, ஏனெனில் அவற்றில் பூட்டை விடுவிக்கும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் வருவதில்லை. பிடிக்குள் இருக்கும் தகடு நகர்ந்து வந்து அலகைத் தாங்கும் வகைதான் லைனர் லாக்; அதில் அந்த உட்தகட்டை ஒதுக்கும் விரல் அந்தப் பாதையிலேயே நிற்கும். எனவே தகட்டை ஒதுக்கி, அலகைச் சிறிது மடக்கி, விரலை எடுத்த பின்னரே முழுதாக மூட வேண்டும்.

கடையில் சோதிக்கும் முறை

கத்தியைத் திறந்து, அலகின் நுனிப்பக்கத்தை முதுகோரமாக இரு விரல்களால் பிடித்து இடமும் வலமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அலகு சுழலும் ஆணியருகே ‘டொக்’ என்ற அசைவு தெரிந்தால் வாங்க வேண்டாம். மூடிய நிலையில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், அலகு இரு பக்கமும் உரசாமல் நடுவில் அமர்ந்திருக்க வேண்டும். லைனர் லாக் என்றால், உட்தகடு அலகின் அடிப்பகுதியில் நன்றாக ஏறி நிற்கிறதா என்று பாருங்கள். விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அது நழுவும். கடைசியாக, கையை நனைத்துக்கொண்டு திறந்து மூடுங்கள். மழையில் காலில் ஏறும் அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே கயிறு அறுக்கப்போகும் கை அதுதான்.

வாங்கிய பின்

மலையிலிருந்து இறங்கியதும் அலகைத் துடைத்து, திறந்தபடியே உலர்த்தி, ஆணியில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். பலாப்பிசின் ஒட்டிய அலகுக்கு மட்டும் அதைத் தடவித் துடைத்தால் பிசின் கழன்றுவிடும். தீட்டும்போது கல்லில் அலகை ஏறத்தாழ 20 பாகை சாய்த்துப் பிடித்து, இரு பக்கமும் சம எண்ணிக்கையில் இழுங்கள்.