கிராம் சொல்லித் தரும் முன்: எடைப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘ஆயிரம் கிராம் ஒரு கிலோகிராம்’ என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கடகடவென ஒப்பித்துவிடும். அதே பிள்ளையிடம் காய்ந்த கதம்பல் (தேங்காய் மட்டை) ஒன்றையும் கைக்குள் அடங்கும் கருங்கல் துண்டு ஒன்றையும் காட்டி, “எது கனம்?” என்று கேளுங்கள். தூக்கிப் பார்க்காமலே கதம்பலைக் காட்டும். பெரியதெல்லாம் கனமானது என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். யானையும் எலியும், லாரியும் சைக்கிளும் என்று எந்தப் படத்தை எடுத்தாலும் பெரியதே கனமாக இருக்கும். அந்த ஜோடிகளைக் குறையுங்கள். ஊதிய பலூனும் கோலிக்குண்டும், கதம்பலும் கல்லும் போன்றவற்றைக் கையில் கொடுங்கள். படத்தைப் பார்த்து எடை தெரியாது. பிள்ளை தூக்கியே ஆகவேண்டும்.

தூக்கச் சொல்லும்போதும் ஒரு தவறு நடக்கிறது. கிட்டத்தட்ட ஒரே எடையுள்ள இரண்டைக் கொடுத்துவிட்டு, பிள்ளை திணறினால் “நல்லாப் பாரு மக்கா” என்று விரட்டுகிறோம். தொடக்கத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரியவேண்டும். ஒருமுறை தூக்கியதும் இடக்கைப் பொருளை வலக்கைக்கு மாற்றி மறுபடி தூக்கட்டும். அப்போதும் கை ஏமாற்றும். ஒரே எடையுள்ள இரண்டு பொருள்களில் சிறியதுதான் அதிகம் கனப்பதாகத் தோன்றும். பிரெஞ்சு மருத்துவர் சார்ப்பாந்தியே 1891-லேயே இதை எழுதிவைத்தார். பெரியவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும். தராசு எதற்கு என்பதைப் பிள்ளை உணர இதைவிட நல்ல இடம் கிடையாது.

தராசைக் கடையில் வாங்க வேண்டாம். ஒரு நேரான கம்பு, நடுவில் ஒரு கயிறு, இரண்டு முனையிலும் மூன்று கயிற்றில் தொங்கும் சிரட்டை (கொட்டாங்குச்சி), அவ்வளவுதான். ஆனால் பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். இரண்டு சிரட்டையும் ஒரே கனம் இருக்காது. காலியாகத் தொங்கும்போதே ஒரு பக்கம் சாயும் தராசில் பிள்ளை எதை நிறுத்தாலும் பாடம் கோணல்தான். கம்பு நேராக நிற்கும்வரை, மேலே போகும் சிரட்டையின் அடியில் கொஞ்சம் களிமண்ணை ஒட்டுங்கள். பொருள்களை இடம் மாற்றி வைத்தும் பாருங்கள். கனமான பொருள் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம்தான் தாழவேண்டும். மாற்றி வைத்த பிறகும் பழைய பக்கமே தாழ்ந்தால் கயிறு நடுவில் இல்லை. ஆட்டம் நிற்கும் முன்பே முடிவு கேட்காதீர்கள்.

சின்னப் பிள்ளைகள் பலருக்கு மேலே போன பக்கம்தான் ‘ஜெயிச்ச’ பக்கம். உயரமென்றால் அதிகம் என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. “கீழே போவதுதான் கனம்” என்று விதியாகச் சொல்லாமல், காலிச் சிரட்டையைப் பிள்ளையே கையால் அழுத்திப் பார்க்கட்டும். அப்புறம் அதில் கல்லை வைக்கட்டும்.

அடுத்தது எண்ணிக்கை. புளியங்கொட்டை நம் வீடுகளில் பஞ்சமில்லாமல் கிடைக்கும். ஒரு ரப்பர் 15 புளியங்கொட்டை, ஒரு கல் 4 கோலிக்குண்டு என்று வந்தால், 15 பெரிய எண் என்பதால் ரப்பர்தான் கனம் என்று பிள்ளை முடிவுகட்டும். இரண்டையும் ஒரே பொருளால் நிறுக்க வைத்துவிட்டு, ஆளுக்கொரு பொருளால் நிறுத்தால் என்ன குழப்பம் வரும் என்று பிறகு கேளுங்கள். கிராம் ஏன் வேண்டும் என்பது அங்கேதான் புரியும். ஒரு ரூபாய் நாணயத்தை அளவாக வைக்காதீர்கள். பழையதும் புதியதும் ஒரே எடை இல்லை.

களிமண் உருண்டையைத் தட்டையாக்கினால் எடை மாறிவிட்டது என்று பிள்ளை சொல்லும். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே காட்டியதுபோல் இது வயதோடு தெளியும் விஷயம். “தப்பு” என்று அடக்காமல், இரண்டு சம உருண்டைகளைத் தராசில் காட்டி, ஒன்றைத் தட்டி மறுபடி வையுங்கள். ‘ஒரு கிலோ பஞ்சா, ஒரு கிலோ இரும்பா’ என்று விடுகதை போட்டு மடக்குவதும் வேண்டாம். தோவாளைப் பூச்சந்தையில் ஒரு கிலோ பிச்சிப்பூ வாங்கினால் பை நிறையும். ஒரு கிலோ கருப்பட்டி பையின் அடியிலேயே கிடக்கும். இரண்டையும் பிள்ளை தூக்கிப் பார்க்கட்டும்.

டிஜிட்டல் தராசைக் கடைசிக்கு வையுங்கள். அது எண்ணைக் காட்டும், ஒப்பீட்டைக் காட்டாது. நிறை, எடை வேறுபாட்டையும் இந்த வயதில் எடுக்க வேண்டாம். நிலாவுக்குப் போனாலும் சிரட்டைத் தராசின் தீர்ப்பு மாறாது, ஸ்பிரிங் தராசின் எண்தான் குறையும் என்பதெல்லாம் மேல்வகுப்புக் கதை.

பொன் நிறுக்கப் பயன்பட்டது என்று குன்றிமணியை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. மென்று விழுங்கினால் அதன் நஞ்சு உயிரையே எடுக்கும். வாயில் போடும் வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் புளியங்கொட்டையும் கோலிக்குண்டும்கூட வேண்டாம். தொண்டையில் சிக்காத அளவுக்குப் பெரிய, ஒரே மாதிரியான மரக்கட்டைகள் போதும்.