‘நான் செய்யவில்லை’ என்று சொல்பவர் யார்?

ஆன்மாவும் பிரம்மமும் இரண்டல்ல என்னும் அத்வைதத்தின் சாதனையில், அதாவது ஆன்மிகப் பயிற்சியில், விடச் சொல்லப்படுவது செயலை அன்று. ‘செய்பவன் நான்’ என்று செயலின்மேல் கொண்டாடும் உரிமையைத்தான். இந்த வேறுபாடு கைநழுவும்போது முதலில் நேரும் தவறு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது. 1898-இல் தம்மை வீட்டுக்கு அழைத்துப்போகத் திருவண்ணாமலைக்கு வந்த தாயாருக்கு, நடவாதது எவ்வளவு முயன்றாலும் நடவாது, நடப்பது எவ்வளவு தடுத்தாலும் நில்லாது என்னும் பொருள்பட ரமணர் எழுதிக் காட்டினார். இதைச் சோம்பலுக்குச் சான்றாக எடுத்துக்கொள்வோர், பின்னாளில் அவரே விடியுமுன் ஆசிரமச் சமையலறையில் அமர்ந்து காய்கறி நறுக்கியதைக் கணக்கில் கொள்வதில்லை. ‘இனி நான் எதையும் செய்யப்போவதில்லை’ என்று தீர்மானிப்பவனும் கர்த்தாதானே, செய்பவன்தானே.

இரண்டாவது தவறு, என் பார்வையில், முதலாவதைவிட மோசமானது. ஒப்புக்கொண்ட வேலையைக் குறித்த நாளில் முடித்துத் தராமல், காத்திருந்தவரிடம் ‘எல்லாம் அவன் செயல்’ என்று கூறும் அதே வாய், மறுவாரம் பாராட்டு வரும்போது அந்த வாக்கியத்தை அடியோடு மறந்துவிடுகிறது. கீதையின் 18-ஆம் அத்தியாயம் செயலுக்கு இடம், கர்த்தா, கருவிகள், பலவகை முயற்சிகள், தெய்வம் என ஐந்து காரணங்களை எண்ணுகிறது. தன்னை மட்டுமே கர்த்தாவாகக் காண்பவன் சரியாகக் காணவில்லை என்கிறது. வெற்றியையும் தோல்வியையும் ஒரேபோல் இந்த ஐந்தின்மேல் வைக்க முடியாதவர், விவகார நிலையில், அதாவது அன்றாட உலக நடப்பில், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவதே நேர்மை. பிறர் துன்பத்தைப் பார்த்து ‘அவரவர் பிராரப்தம்’ (இப்பிறவியில் அனுபவிக்க வந்த பழவினை) என்று நகர்வதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

எல்லாவற்றிலும் நுட்பமான தவறு, கர்த்திருத்துவத்தை, அதாவது ‘செய்பவன் நான்’ என்ற எண்ணத்தை, விடுவதையே தன் சாதனையாக்கிக்கொள்வது. ‘இன்று எனக்குச் செய்பவன் என்ற எண்ணம் குறைவாக இருந்தது’ என்று மகிழ்பவர், பழைய கணக்குப்பிள்ளையையே புதிய ஏட்டின்முன் உட்கார வைத்திருக்கிறார். ‘நான் கர்த்தா அல்லேன்’ என்று நாள் முழுவதும் உருப்போட்டாலும் அந்த உருப்போடுபவர் அசையாமல் இருப்பார். ரமணர் இயற்றிய ‘உள்ளது நாற்பது’ நூலின் 38-ஆம் பாடல் அப்படி உருப்போடச் சொல்லவில்லை. வினைமுதல் யார் என்று வினவித் தன்னை அறியும்போதே கர்த்திருத்துவம் போய், சஞ்சிதம் (சேர்ந்து கிடக்கும் பழவினை), ஆகாமியம் (இனி விளையும் வினை), பிராரப்தம் ஆகிய கருமம் மூன்றும் கழலும் என்கிறது. (வாக்கியத்தில் செய்பவனைக் குறிக்க நம் இலக்கண ஆசிரியர்கள் ஆளும் சொல்லும் இந்த வினைமுதல்தான், வாக்கியத்துக்கு அது தேவை என்பதால் அப்படியொருவர் உள்ளே இருந்தாக வேண்டும் என்பதில்லை.)

கண்ணாடிக் குவளையொன்று மேசை விளிம்பிலிருந்து சரிகிறது. கை தானே பாய்ந்து அதைப் பிடித்துவிடுகிறது. பிடிக்கும் அந்தக் கணத்தில் ‘நான்’ என்ற எண்ணம் எழவேயில்லை. அடுத்த நொடியில்தான் ‘நல்லவேளை, பிடித்துவிட்டேன்’ என்று ஒருவர் வந்து கையெழுத்துப் போடுகிறார். அவரை விரட்டவும் வேண்டாம், அவர் வந்ததற்காக வருந்தவும் வேண்டாம். குவளை கையில் இருக்கும்போதே, எங்கிருந்து வந்தார் என்று பார்த்தால் போதும்.