இரண்டாவது டிரைவ் போட்டதும் லெப்டொப் பூட் ஆகவில்லையா? ஃபோர்மெட் பண்ணாதீர்கள்

மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் உயர்தரம் படிக்கும் ஒரு தங்கச்சி, மழைக்கோட்டில் சுற்றி ஒரு பழைய லெப்டொப்பை எடுத்து வந்தாள். டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வேறொரு கணினியில் பாவித்த எஸ்எஸ்டியை (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான சேமிப்பு டிரைவ்) இரண்டாவது டிரைவாகப் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து கறுப்புத் திரையில் ‘ஒபரேட்டிங் சிஸ்டம் நொட் ஃபவுண்ட்’ என்ற ஒரு வரி மட்டும்தான் வருகிறதாம்.

“அண்ணா, ஃபோர்மெட் அடிக்கணும்னு சொல்றாங்க. என் நோட்ஸ் எல்லாம் போயிருமா?”

ஃபோர்மெட் அடித்தால் போய்விடும்; ஆனால் அதற்குத் தேவையே இல்லை. டிரைவ் போட்ட பிறகு வரும் இந்தச் சிக்கலில் பெரும்பாலும் விண்டோஸ் கெடுவதில்லை. எந்த டிரைவிலிருந்து தொடங்குவது என்பதில்தான் லெப்டொப் தடுமாறுகிறது.

முதலில் புதிதாகப் போட்ட டிரைவைக் கழற்றுங்கள். லெப்டொப்பை நிறுத்தி, சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து செக்கன் அழுத்திப் பிடியுங்கள். பிறகு டிரைவை வெளியே எடுத்து லெப்டொப்பைப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் வந்தால் நிம்மதி. உடனே முக்கியமானவற்றைப் பென்டிரைவில் பிரதி எடுங்கள். மற்ற வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான். வராவிட்டால் பழைய டிரைவையும் ஒருமுறை கழற்றி அழுத்தி மாட்டுங்கள். மூடியைத் திறந்தபோது அது தளர்ந்திருக்கலாம்.

இனி புதியதை மறுபடி மாட்டி, பயோஸுக்குள் (விண்டோஸ் வருமுன் திறக்கும் லெப்டொப்பின் அடிப்படை அமைப்புப் பக்கம்) போங்கள். டெல், ஏசர் என்றால் பெரும்பாலும் எஃப்2; எச்பியில் எஃப்10. போட்டவுடனே விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இரண்டு டிரைவின் பெயரும் தெரிகிறதா? புதியது தெரியாவிட்டால் அதைத் தாங்கும் சட்டத்தைப் பாருங்கள் (கடையில் ‘கெடி’ என்பார்கள்). 9.5 மில்லிமீற்றர், 12.7 மில்லிமீற்றர் என்று இரண்டு தடிப்பில் வரும். மாறிப்போனால் இணைப்பு சரியாகப் பொருந்தாது. சில கெடிகளின் பக்கத்தில் நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு குட்டிச் சுவிட்ச் இருக்கும். அதை மாற்றி வைத்தும் பாருங்கள்.

இரண்டும் தெரிந்தால், எதிலிருந்து முதலில் தொடங்குவது என்று வரிசைப்படுத்தும் ‘பூட் ஓர்டர்’ பக்கத்துக்கு வாருங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். முதல் பட்டியலில் ‘ஹார்ட் டிஸ்க்’ என்று மேலேயே இருக்கும், எல்லாம் சரி என்று வெளியே வந்துவிடுவார்கள். ஆனால் பல பழைய பயோஸ்களில், ஹார்ட் டிஸ்க்குகளுக்குள் எது முதல் என்று சொல்ல உள்ளே தனியாக இன்னொரு பட்டியல் உண்டு. தங்கச்சியின் லெப்டொப்பில் அந்தப் பட்டியலின் உச்சியில் விண்டோஸ் இல்லாத எஸ்எஸ்டி உட்கார்ந்திருந்தது. பழைய டிஸ்க்கை மேலே ஏற்றி எஃப்10 அழுத்திச் சேமித்தேன், விண்டோஸ் வந்துவிட்டது. அவள் முதலில் திறந்து பார்த்தது இரசாயனவியல் ஃபோல்டரை.

பயோஸில் இருக்கும்போது ‘சாட்டா மோட்’, ‘யுஇஎஃப்ஐ’, ‘லெகசி’ என்பவற்றைத் தொடாதீர்கள். விண்டோஸ் போட்டபோது இருந்த முறை மாறினால் நீலத்திரை வரும், இல்லாவிட்டால் பூட்டே ஆகாது. ஏற்கெனவே மாற்றியிருந்தால் பழையபடி வையுங்கள்.

சார்ஜரைக் கழற்றி மாட்டும்போதெல்லாம், அல்லது கரண்ட் போய் வந்த பிறகு, சிக்கல் திரும்பி வருகிறதா? கடிகாரமும் பல வருடம் பின்னால் காட்டுகிறதா? அப்படியானால் உள்ளே இருக்கும் 3 வோல்ட் காசு பேட்டரி செத்துவிட்டது. பயோஸ் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. அதை மாற்றினால் போதும்.

விண்டோஸையே எஸ்எஸ்டிக்குக் கொண்டுபோனவர்களுக்கு: எஸ்எஸ்டியை ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் போட்டு, பழைய டிஸ்க்கைக் கெடிக்குள் வையுங்கள். டிவிடி இடத்திலிருந்து பூட் ஆகாத லெப்டொப்களும் உண்டு; பூட் ஆனாலும் வேகம் குறையலாம். இரண்டு டிரைவும் இருக்கும்போதே விண்டோஸ் போட்டிருந்தால், விண்டோஸைத் தொடங்கும் பூட் கோப்புகள் மட்டும் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்திருக்கலாம். அதற்கு, எஸ்எஸ்டியை மட்டும் வைத்து, விண்டோஸ் நிறுவும் பென்டிரைவிலிருந்து தொடங்கி, ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ ஓட்டுங்கள். ஒருமுறையில் சரியாகாவிட்டால் இரண்டு மூன்று முறை ஓட்டலாம்.

நம் பக்கத்துப் பனியில் டிரைவை வெளியிலிருந்து கொண்டுவந்த உடனே மாட்டாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் நீர் பூத்திருக்கும். அரை மணி நேரம் அறைக்குள் வைத்துவிட்டு, அப்புறம் திருகாணியைக் கையில் எடுங்கள்.